சைகோன் கடிதங்களில் சண்டையைக் காணோமே?

கேள்வி, ஜூலை 13

என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். வியட்நாமில் பிரான்ஸ் நடத்திய இந்தோசீனா சண்டைக்குப் போனவர். வீட்டைக் காலி செய்யும்போது ஆயாவின் மரப்பெட்டியில் அவர் எழுதிய கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறையக் கிடைத்தன. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். மாடு கன்று போட்டதா, கூரைக்கு ஓலை மாற்றினாயா, குத்தகைப் பணம் வந்ததா, இதேதான். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு ஆள் சாகவில்லை. அவர் சண்டையைப் பார்க்கவே இல்லையா, இல்லை மறைத்தாரா? இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டில் எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.

ஜூலை 14, இரவு

எடைக்குப் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பையைத் தரையிலிருந்து எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் 23 கடிதங்கள் இருக்கின்றன. 1952 ஜனவரியில் தொடங்கி 1954 நவம்பரில் முடிகின்றன. எழுதியவர் அம்மாவின் அப்பா, புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். அம்மா பிறந்த பத்தாம் மாதம் கப்பல் ஏறினார்.

இன்று காலையில் கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தேன். போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார்கள். வருஷா வருஷம் ஜூலை 14-க்கும் நவம்பர் 11-க்கும் அம்மா போவார். இப்போது முட்டிவலி, அதனால் நான் போகிறேன். அந்தச் சின்னம் 1938-இல் திறந்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் இறந்த நம் ஊர்க்காரர்களுக்காகக் கட்டியது. தாத்தா போன சண்டை அதற்கும் பிறகு, 1946 டிசம்பரில் தொடங்கியது. ஆனாலும் அம்மாவுக்கு அங்கே போய்ப் பூ வைத்தால்தான் அப்பாவுக்கு வைத்த மாதிரி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நானும் முதல் தடவை படித்தபோது ஏமாந்துதான் போனேன். 1952 மார்ச் கடிதம் இப்படிப் போகிறது:

"இவ்விடம் நான் சுகம். அவ்விடம் நீயும் அம்மாவும் குழந்தையும் சுகமாயிருப்பதற்கு எழுதவும். கொல்லைப்பக்கத்து முருங்கையை மழைக்கு முன் வெட்டிவிடவும். குழந்தைக்குப் பல் முளைத்த விவரம் தெரிந்தது. பெர்மிசியோன் இப்போது கிடைக்காது போலிருக்கிறது. மற்றவை நேரில்."

அவ்வளவுதான். பெர்மிசியோன் என்றால் விடுப்பு.

ஏன் இப்படி என்று கேட்டால், தணிக்கைதான் காரணம் என்பேன். உறையைப் பாருங்கள். அனுப்பியவர் பெயருக்குக் கீழே ஊர் இருக்காது. எஸ்.பே. என்று போட்டு ஓர் எண் இருக்கும். அது ராணுவத் தபால் பிரிவின் எண். ஆள் எந்தக் காட்டில், எந்த ஆற்றங்கரையில் இருக்கிறார் என்று வெளியாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி. மூலையில் எஃப்.எம். என்று இரண்டு எழுத்து இருந்தால் ராணுவத் தபால், தபால்தலை ஒட்டத் தேவையில்லை. இருக்கும் இடத்தையே எழுத முடியாதவர் நடப்பதை எப்படி எழுதுவார்?

ஆயாவின் பக்கத்திலிருந்து எங்களிடம் எதுவும் இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் இது ஒரு தரப்புக் கதை என்றே வைத்துக்கொண்டேன். கடிதங்களைப் படித்துவிட்டு, பெட்டியில் கிடந்த பழைய நூல் ஒன்றால் கட்டி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 15, காலை

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். தணிக்கை உண்மைதான், ஆனால் அது பாதிக் காரணம்கூட இல்லை.

காலையில் காப்பி குடிக்கும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஆயாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே, அப்ப கடுதாசியை யாரு படிச்சான்னு நெனச்சே?" என்றார். இதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் கடிதங்களைக் கணவன் எழுத மனைவி படித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் வந்தால் சாயங்காலம் திண்ணையில் படிப்பார்களாம். அடுத்த வீட்டில் கச்சேரி (ஆபீஸ்) குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கால் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். தாத்தாவின் அம்மா (நாங்கள் பெரிய ஆயா என்போம்) நடுவில். நாத்தனார்கள் இரண்டு பேர். எதிர்வீட்டுக்காரர்கள், யாருடைய பிள்ளை அங்கே இருக்கிறானோ அந்த வீட்டுக்காரர்கள். ஆயா மட்டும் நிலைப்படிக்கு உள்ளே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். கடிதத்தில் பெயர் அவருடையது. கேட்பது தெருவே.

இதை நினைத்துக்கொண்டு அந்த முருங்கை வரியை மறுபடி படியுங்கள். பத்துப் பேர் முன்னால் இன்னொருத்தர் வாயால் சொல்லப்போகிறோம் என்று தெரிந்தே எழுதுகிறவர், "உன் நினைப்பாக இருக்கிறது" என்று எழுதுவாரா? "பயமாக இருக்கிறது" என்று எழுதினால் பெரிய ஆயா அன்று சோறு சாப்பிடுவாரா? எழுதாததற்குக் காரணம் சைகோனில் இல்லை, எங்கள் திண்ணையில் இருந்தது.

ஜூலை 15, மதியம்

இன்னொன்று. "மற்றவை நேரில்" என்பது அந்தக் காலத்தில் எல்லோரும் கடிதத்தை முடிக்கிற வாசகம். அதை வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போயிருந்தேன். 1952 நவம்பர் கடிதத்தில் அது மூன்று இடத்தில் வருகிறது. குழந்தை நடக்கிறாள் என்ற செய்திக்குப் பிறகு ஒன்று. "இங்கே ஆற்றைத் தாண்டிப் போய் வந்தோம்" என்ற ஒற்றை வரிக்குப் பிறகு ஒன்று. கடைசியில் ஒன்று. நடுவில் வரும் அந்த இரண்டும் சம்பிரதாயம் இல்லை. அந்த இடங்களில் சொல்ல ஏதோ இருந்தது, திண்ணைக்கு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்.

உங்கள் கடிதங்களிலும் அது எங்கே வருகிறது என்று பாருங்கள்.

ஜூலை 16

எழுத்து ஊதாவாக இருக்கிறது, நீர் பட்ட இடம் இன்னும் அடர்ந்திருக்கிறது, கண்ணீரா என்று கேட்டீர்கள். எங்களுடையதிலும் அப்படி உண்டு. அந்தக் காலத்தில் ஒரு வகைப் பென்சில் இருந்தது. காய்ந்த தாளில் சாம்பல் நிறமாக எழுதும், ஈரம் பட்டால் ஊதாவாகிவிடும். முகாமில் மையும் பேனாவும் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அது வசதி. எங்கள் கடிதங்களில் பெரிய ஊதாத் திட்டு இருப்பது ஒன்பதாவது கடிதத்தில். நான் சின்ன வயதில் அதை ஆயாவின் கண்ணீர் என்று நம்பியிருந்தேன். அம்மா சொல்கிறார், 1970-களில் ஒரு மழையில் ஓடு ஒழுகியதாம்.

தாத்தாவின் பேச்சில் இருந்த சொற்கள் கடிதத்திலும் இருக்கின்றன. கப்பல் என்று எழுத மாட்டார், பத்தோ என்பார். கேப்டனுக்குக் கப்பித்தேன். சிப்பாய் என்ற சொல் 23 கடிதங்களிலும் இல்லை, எல்லா இடத்திலும் சொல்தாதான். எல்லாம் தமிழ் எழுத்தில், நல்ல உருண்டையான கையெழுத்தில். சைகோனுக்கு வந்துபோகும் நாளெல்லாம் அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனதை மட்டும் தவறாமல் எழுதுவார். அந்தக் கோயில் இன்னும் இருக்கிறது. ஒரு தடவை போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஜூலை 17

இன்றைக்கு எழுதப்போவது எங்கள் வீட்டுச் சமாசாரம். எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுது என்றார்.

1953 ஜூன் கடிதத்தில் இப்படி இருக்கிறது: "இனிமேல் வரும் பணம் குறைவாயிருக்கும். நான் குறைத்து அனுப்பவில்லை. இங்கே பணத்தின் விலையைக் குறைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்லவும்."

பெரிய ஆயாவுக்கு விளங்கவில்லை. பணத்துக்கு ஏது விலை, பணத்தைக் கொண்டுதானே விலை என்று கேட்டாராம். திண்ணையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊரிலிருந்து போன சிலர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்ட காலம் அது. அன்றைக்கு ஆரம்பித்தது, "அவனுக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்குது". தாத்தா திரும்பி வந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. பெரிய ஆயா சாகும்வரை அதை நம்பினார். என் சித்தி கல்யாணத்தில்கூட யாரோ சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால்தான் எனக்கு இது புரிந்தது. அங்கே நாணயம் பியாஸ்தர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945 டிசம்பரில், ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்று பிரெஞ்சு அரசாங்கம் கணக்கு வைத்தது. வெளிச்சந்தையில் அது அவ்வளவு பெறாது. அந்த வித்தியாசத்தை வைத்தே பணத்தை அங்கும் இங்கும் மாற்றிக் கொழுத்தவர்கள் இருந்தார்கள். பாரிஸில் அது பெரிய ஊழலாக வெடித்தது. கடைசியில் 1953 மே 11-ஆம் தேதி ஒரே அடியாகப் பியாஸ்தரை 10 பிராங்காகக் குறைத்துவிட்டார்கள். 100 பியாஸ்தர் அனுப்பினால் 1,700 பிராங்க் என்று வந்த இடத்தில் 1,000-தான் வரும். மே மாதம் குறைத்தார்கள், ஜூன் மாதம் தாத்தா எழுதுகிறார். அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் உண்மை. சம்பளத்தில் பாதி அப்படியே போயிருக்கிறது.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிய அன்று அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். ஆயா அப்போது போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

சண்டை எங்கே என்று கேட்டீர்களே. யாரோ பாரிஸில் கையெழுத்துப் போட, முத்தியால்பேட்டையில் ஒரு பெண்ணின் அடுப்பில் உலை குறைந்தது, அவள் புருஷன் மேல் பழி விழுந்தது. எனக்கு இதுவும் சண்டைதான்.

ஜூலை 18

நேற்று பாதி என்று எழுதியது தவறு. 17 பத்தானால் குறைவது நூற்றுக்கு 41. பாதிக்குக் கொஞ்சம் கீழே. கோபத்தில் எழுதிவிட்டேன்.

அதோடு, நம் ஊருக்கும் அந்தப் பணத்துக்கும் ஓர் ஒட்டு உண்டு. 1875-இல் தொடங்கிய இந்தோசீனா வங்கிதான் அங்கே பியாஸ்தர் நோட்டு அடித்தது. நம் புதுச்சேரிக்கு ரூபாய் நோட்டு அடித்ததும் அதே வங்கி. பெரிய ஆயாவின் சுருக்குப்பையில் இருந்த நோட்டிலும் தாத்தாவின் சட்டைப்பையில் இருந்த நோட்டிலும் ஒரே வங்கியின் பெயர் இருந்திருக்கும்.

அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்களைப் பற்றி நான் குறைவாக எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே வியட்நாமிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் சைகோன் அத்தை. ஆயாவுக்கு நெம் செய்யச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அரிசித் தாளை ஈரத் துணியில் போட்டு எடுத்து, இறாலும் சேமியாவும் வைத்துச் சுருட்டி, எண்ணெய் அதிகம் காயாமல் போட வேண்டும் என்பார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் வடையோடு நெம்மும் உண்டு. பெரிய ஆயா வாய்க்கு வந்தபடி பேசிய காலத்திலும், ஆயா அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை.

ஜூலை 21

1954-ஆம் வருஷக் கடிதங்களை இன்று மறுபடி வரிசையாக வைத்துப் படித்தேன். ஆறு இருக்கின்றன.

அந்த மே 7-ஆம் தேதி, வடக்கே இருந்த பிரெஞ்சுப் படைத்தளம் தியன் பியன் பூ விழுந்தது. மார்ச் 13-இல் தொடங்கிய முற்றுகை. பத்தாயிரம் பேருக்கு மேல் பிடிபட்டார்கள். தாத்தா அங்கே இல்லை, தெற்கே இருந்தார். மே 19 தேதியிட்ட கடிதத்தில் மழை பிடித்துவிட்டது, காலில் புண், மருந்து போடுகிறார்கள் என்று நாலு வரி. அதற்குக் கீழே:

"தெற்குத் தெரு வீட்டில் என் கடிதம் வந்ததைச் சொல்ல வேண்டாம். அவர்களாகக் கேட்டால் எனக்கும் வரவில்லை என்று சொல்."

இந்த இரண்டு வரியை நான் பத்து வருஷமாகப் படித்திருக்கிறேன். ஏதோ கொடுக்கல் வாங்கல் தகராறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஆயா சொல்லியிருக்கிறார். தெற்குத் தெருப் பையன் வடக்கே இருந்தான். அவன் வீட்டுக்குக் கடிதம் வருவது நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவனுடைய அம்மாவும் அன்று திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

குமாஸ்தா அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "மற்றவை நேரில்" என்று கடிதத்தை மடித்துவிட்டாராம். விளக்கு வைத்த பிறகு கொல்லைப்பக்கமாக வந்து ஆயாவிடம் மட்டும் அந்த இரண்டு வரியையும் சொன்னார். அந்தப் பையன் திரும்பி வரவில்லை.

முந்தா நாள்வரை குமாஸ்தாவை ஏதோ இடையில் வந்து நின்ற ஆள் மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. எல்லாத் திண்ணைக்கும் இப்படி ஒரு ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

கடைசிக் கடிதம் 1954 நவம்பர் 20. ஜூலையில் ஜெனீவாவில் ஒப்பந்தமாகி அங்கே சண்டை ஓய்ந்துவிட்டது. இங்கே அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியது. தாத்தா எழுதுகிறார்: "ஊரில் கொடி மாறிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். நம் வீட்டு விலாசத்தில் ஏதும் மாறுமா என்று தபால்காரரைக் கேட்டு எழுதவும். குழந்தைக்குக் கவுன் வாங்கியிருக்கிறேன்."

எந்த நாட்டுக்காகப் போனாரோ அது ஊரை விட்டுப் போய்விட்டது. அவருக்கு வேண்டியிருந்தது, வீடு இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்பதுதான்.

அந்தக் கவுன் இருக்கிறது. ரோஜா நிறப் பட்டு, கழுத்தில் மூன்று முத்துப் பொத்தான். கீழே இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்துத் தைத்திருக்கும். பிள்ளையைப் பத்து மாதத்தில் விட்டுப் போனவர் நாலு வயதுக்கு இவ்வளவு சரியாக எப்படி வாங்கினார் என்று வீட்டில் எப்போதும் அதிசயப்படுவார்கள்.

ஜூலை 23, இரவு

முதல் நாள் எழுதியதில் பெரிய பிழை இருக்கிறது. ஆயாவின் பக்கத்திலிருந்து எதுவும் இல்லை என்று எழுதியிருந்தேன்.

இன்று சாயங்காலம் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டின்னின் அடியில் சிகரெட் தாளில் சுற்றிய சின்னச் சின்னச் சுருள்கள் நாலு கிடந்தன. தையல் சாமான் என்று நினைத்து அங்கேயே விட்டிருந்தேன். அம்மா ஒன்றைப் பிரித்தார். பூ கட்டும் வெள்ளை நூல். ஒரு முனையில் மட்டும் மஞ்சள் கறை.

"இது நானு" என்றார்.

ஆயா அவரை நிலைக்கதவில் சாய்த்து நிறுத்துவாராம். தலை உச்சியில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, குதிகால்வரை இழுத்து அறுப்பார். தலைப்பக்கம் எது என்று தெரிய அந்த முனையில் மஞ்சள் தடவுவார். குமாஸ்தா எழுதித் தரும் பதிலை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன், நூலைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார். என்ன எழுத வேண்டும் என்று சொன்னது பெரிய ஆயா, எழுதியது குமாஸ்தா. நூல் ஒன்றுதான் ஆயாவின் கையிலிருந்து நேராகத் தாத்தாவின் கைக்குப் போனது. அந்தப் பதில் கடிதங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நூல்களைத் தாத்தா சிகரெட் தாளில் சுற்றிக் காப்பாற்றி, திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

தாத்தாவின் கடிதங்களில் "நூல் கிடைத்தது" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. ஏதோ தறி விஷயம் என்று படித்துக்கொண்டு போயிருக்கிறேன். முத்தியால்பேட்டை நெசவுக்காரர்கள் இருந்த இடம்தானே.

கடிதங்களை நான் எதனால் கட்டினேன் என்று அப்போதுதான் நினைவு வந்தது. கட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு முனை மஞ்சள். முடிச்சை இறுக்கிப் போட்டிருந்தேன். ஊசியால் ஒவ்வொரு பிரியாக நெம்பி அவிழ்க்க அரை மணி நேரம் ஆனது. அறுபடவில்லை.

ஜூலை 24

ஐந்து நூலையும் மேசையில் நீட்டி அளந்தோம். 72, 79, 85, 90, 94 சென்டிமீட்டர். கடைசி நூல் 1954 நடுவில் போயிருக்க வேண்டும். அதை வைத்துக் கடைக்காரரிடம், பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்த இரண்டு விரல் மடிப்பு.

அம்மா 94-ஐ மட்டும் எடுத்து, எழுந்து நின்று, தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

ஜூலை 26

தாத்தாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை எப்படித் தொடர்ந்தது என்று கேட்டவருக்கு: ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானாலும், சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்க விரும்பினால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாத்தா கொடுத்தார். ஆயாவும் போனார். ரேகை வைக்கவில்லை, தன் பெயரை எழுதினார். தாத்தா திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொடுத்தது. பெயர் மட்டும்தான் எழுதத் தெரியும், அதுவே அவருக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும்.

ஜூலை 27

மஞ்சள் பையின் சொந்தக்காரருக்கு. பிளாஸ்டிக் உறை போட்டு அழுத்தி எடுக்கும் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே தாளைக் கெடுத்துவிடும். ஊதா எழுத்துப் பக்கம் ஈரத் துணியைக் கொண்டுபோகவே கூடாது. பகல் வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். உறையின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள், முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.

அதற்கெல்லாம் முன்னால், பையை ஒரு வெள்ளைத் துணியின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, கடிதத்தைத் தவிர என்ன விழுகிறது என்று பாருங்கள். உங்கள் ஆயாவுக்கும் எழுதத் தெரியாது என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். நூலோ துணித் துண்டோ காய்ந்த பூவோ எது விழுந்தாலும், வீட்டில் வயதானவர்கள் யாராவது பார்க்கும்வரை உதறிவிடாதீர்கள்.